டெஸ்ட் ஃபெயில் ஆனால் டெஸ்டையே தள்ளி வைப்பதா?



மென்பொருள் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். சி மொழியில் எழுதிய புரோகிராம். உபுண்டுவில் எல்லா டெஸ்டும் பாஸ். ஆல்பைன் லினக்ஸில் ஓட்டினால் மூன்று ஃபெயில். "ஆல்பைன்ல மட்டும் அந்த மூணையும் ஸ்கிப் பண்ணிடுன்னு டீம் லீட் சொல்றார், செய்யலாமா சார்?" என்றார். கூடாது என்றேன். காரணத்தை இங்கே எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

சி மொழிக்கு அடிப்படை லைப்ரரி ஒன்று உண்டு. வரிசைப்படுத்துவது, மெமரி கேட்பது, த்ரெட் தொடங்குவது எல்லாம் அதன் வழியாகத்தான். உபுண்டுவில் இருப்பது ஜிலிப்சி. ஆல்பைனில் 2014 முதல் மசில். அளவில் சிறியது, ஆல்பைனின் அடிப்படை இமேஜே சுமார் 5 எம்பிதான். அதனால்தான் கன்டெய்னர் வேலைக்கு அதைத் தேடிப் போகிறார்கள். இரண்டு லைப்ரரியும் சி மொழியின் ஒரே விதிமுறையைப் பார்த்து வெவ்வேறு ஆட்கள் எழுதியவை.

கணினி தெரியாத சொந்தங்களுக்கு ஒரு உதாரணம். வகுப்பில் இரண்டு பேர் 87 மார்க். ரேங்க் லிஸ்டில் யார் பெயர் முதலில்? நான் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எழுதுவேன். பக்கத்து செக்‌ஷன் ஆசிரியர் தாள் கைக்கு வந்த வரிசையில் எழுதுவார். இரண்டு பட்டியலும் சரிதான்.

மூன்றில் இரண்டு டெஸ்டுகளின் கதை இதுவே. கியூசார்ட் என்ற வரிசைப்படுத்தும் ஃபங்ஷனை ஜிலிப்சி பெரும்பாலும் மெர்ஜ் சார்ட்டால் செய்கிறது. சமமானவை வந்த வரிசையிலேயே நிற்கும். மசிலில் இருப்பது ஸ்மூத்சார்ட். சமமானவை இடம் மாறலாம். சமமானவற்றில் எது முன்னால் என்று சி விதிமுறை சொல்லவே இல்லை. டெஸ்ட் எழுதியவர் ஜிலிப்சியின் பழக்கத்தையே விடைக்குறிப்பாக வைத்துவிட்டார்.

ஜிலிப்சிக்காரர்களே 2023-இல் மெர்ஜ் சார்ட்டை எடுத்துவிட்டார்கள். அதை நம்பி எத்தனையோ புரோகிராம்கள் இருப்பது தெரிந்து, 2024 ஜனவரியில், 2.39 பதிப்பு வெளிவருவதற்கு முன்பே திரும்ப வைத்தார்கள். பெருந்தன்மைதான். ஆனால் என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மார்க் சமமானால் வரிசை எண்ணைப் பார் என்று ஒப்பிடும் ஃபங்ஷனில் இரண்டு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. விடைக்குறிப்பு தவறு என்றால் திருத்துவோம்; அந்தக் கேள்வியையே கிழித்துப் போடுவோமா?

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. அது விடை மாறி ஃபெயில் ஆகவில்லை; புரோகிராமே விழுந்துவிட்டது. த்ரெட்டுக்குள் தன்னைத்தானே ஆழமாக அழைக்கும் ஒரு ஃபங்ஷன். ஜிலிப்சியில் ஒரு த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் கிடைக்கும். மசிலில், கேட்காவிட்டால் 128 கேபிதான். இந்த டெஸ்டை ஸ்கிப் செய்தால் திரை பச்சையாகும், வாடிக்கையாளரின் ஆல்பைன் சர்வர் நள்ளிரவில் விழும். தேவையான ஸ்டாக் அளவை த்ரெட் தொடங்கும்போதே கேட்டு வாங்கலாம். அதற்கென்றே வசதி இருக்கிறது. அதைவிட, அந்த ஃபங்ஷனை லூப்பாக மாற்றி எழுதுவது நல்லது.

மசிலில் குறையே இல்லையா என்றால், உண்டு. டிஎன்எஸ் பதில் நீளமாகி வெட்டுப்பட்டால் டிசிபியில் திரும்பக் கேட்கும் வசதி 2023-இல் 1.2.4 பதிப்பில்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் காரணத்தையும் பதிப்பு எண்ணையும் எழுதி வைத்துவிட்டு ஸ்கிப் செய்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். காரணம் எழுதாத ஸ்கிப்பைத்தான் சொல்கிறேன். டீம் லீடுக்கும் கெடு இருக்கும், புரிகிறது. ஆனால் இரண்டு வரித் திருத்தத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் இரண்டையும் அன்றிரவே சரிசெய்துவிட்டதாக மாணவர் செய்தி அனுப்பினார். மூன்றாவதற்கு இரண்டு நாள் கேட்டிருக்கிறாராம், லீட் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்தில் இப்படிக் காரணமே எழுதாமல் ஸ்கிப் ஆன டெஸ்டுகள் எத்தனை என்று தேடிப் பார்த்துக் கமெண்டில் போடுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.