நூறு சதவிகிதம்னா எத்தனை மணி நேரம்?

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகளோ மருமகனோ இருக்கிற வீட்டில் ‘அலொகேஷன்’ என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. “எனக்கு ரெண்டு புராஜெக்ட்லயும் அம்பது அம்பது பர்சன்ட் அலொகேஷன்” என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்கிற மாமியாருக்கு, ஒவ்வொன்றிலும் பாதி வேலைதான் போலிருக்கிறது என்று தோன்றும். ராத்திரி பதினோரு மணிக்கும் லேப்டாப் ஏன் மூடப்படவில்லை என்பதுதான் புரியாது.

புராஜெக்ட் திட்டமிடும் மென்பொருட்களில் யாருக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம் என்று கணக்குப் போட ஒரு வசதி உண்டு. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஊழியருக்குப் பெயர் ‘ரிசோர்ஸ்’. (சிமென்ட் மூட்டையையும் அதே பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். வகை மட்டும் வேறு!) யாரும் எதையும் மாற்றாவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் 12, பிறகு 1 முதல் 5 என்று அது எடுத்துக்கொள்ளும். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40. அதுதான் 100 சதவிகிதம். அதற்கு மேல் வேலை ஏறினால் பெயர் சிவப்பாக மாறும்.

இந்த 40 மணி நேரம் நிஜத்தில் என்ன ஆகிறது என்று ஒரு சாதாரண வாரத்தைப் போட்டுப் பாருங்கள். தினமும் கால் மணி நேர ஸ்டாண்டப் மீட்டிங், வாரத்துக்கு ஒன்றேகால் மணி. கிளையன்ட் கால், ரிவ்யூ எல்லாம் சேர்த்து நாலு மணி. மெயிலும் சாட்டும் தினம் ஒரு மணி, ஆக அஞ்சு. புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது, டைம்ஷீட் நிரப்புவது என்று இரண்டு மணி. பன்னிரண்டு மணிக்கு மேல் போய்விட்டது. கோடு எழுதவோ டெஸ்ட் செய்யவோ மிச்சம் சுமார் 28 மணி நேரம்தான்.

ஆளை இரண்டு புராஜெக்ட்டுக்குப் பிரித்தால் ஸ்டாண்டப் இரண்டு, கிளையன்ட் இரண்டு. மிச்சம் 23-க்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் இரண்டு டீம் லீடுகளும் தலைக்கு 20 மணி நேரம் எதிர்பார்க்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் சரியாக 100 சதவிகிதம் என்பதால் மென்பொருள் சிவப்பு காட்டாது. இரண்டு திட்டங்களும் இணைக்கப்படாத தனித்தனி ஃபைல்களில் இருந்தாலோ, 130 சதவிகிதம் ஆனாலும் காட்டாது. ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்குத் தெரியாதே!

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் போகும் நேரம் இதில் சேரவில்லை. மென்பொருள் துறை எழுத்தாளர் ஜெரால்ட் வெயின்பெர்க் இதற்கு ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: இரண்டு புராஜெக்ட் என்றால் 20 சதவிகித நேரம் தாவுவதிலேயே போகும், மூன்று என்றால் 40. அளந்து எடுத்த கணக்கல்ல, அனுபவக் கணிப்பு. ஆனாலும் இரண்டு அடுப்பில் இரண்டு குழம்பு வைத்துக்கொண்டு நடுவில் போனும் பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, 40-ஐ 28 ஆக்கி, அந்த 28-ஐயும் முழுசாக நிரப்பிவிடலாமா? அதுவும் கூடாது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர், 1909-லேயே போன் அழைப்புகளின் வரத்தைக் கணக்கிட்டு எழுதினார். வரிசைக் கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. வேலைகள் முன்பின்னாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரமும் மாறுகிறது, செய்பவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம். அவர் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலையின் நேரம் காத்திருக்கும். 80 சதவிகிதம் நிரம்பியிருந்தால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு! ஒரு அவசர பக் வந்தாலே மற்றதெல்லாம் தள்ளிப்போவது இதனால்தான்.

இந்தக் கணிதமெல்லாம் படிக்காமலேயே தெருமுனை டெய்லருக்கு இது தெரியும். தீபாவளிக்குப் பல நாள் முன்பே ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று போர்டு மாட்டிவிடுவார். அந்தத் துணிச்சல் நிறைய டெலிவரி மேனேஜர்களுக்கு இல்லை.

அவர்கள் செய்வது, தேதி நெருங்கும்போது ஆள் சேர்ப்பது. பத்து நாள் வேலைக்கு இன்னொருவர் பெயரைச் சேர்த்தால், ஒரு அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கும் பட்சத்தில், மென்பொருள் அதை அஞ்சு நாளாகச் சுருக்கிக் காட்டும். பார்க்க அழகாக இருக்கும். ஐ.பி.எம்மில் ஓ.எஸ்/360 என்ற பெரிய திட்டத்தை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். புதியவருக்கு விளக்கப்போவது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே ஆள்தானே.

அந்த 100 சதவிகிதம் மாற்ற முடியாத எண் அல்ல. டீம் லீட் அதை 70 என்று மாற்றலாம். பொங்கல் லீவையும், ஊழியர் முன்கூட்டியே சொன்ன லீவையும் காலண்டரில் ஏற்றலாம். இரண்டு லீடுகள் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பேசிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். இரண்டு பக்கமும் இழுபடும் ஊழியர், “இரண்டில் எதை முதலில் முடிக்கட்டும்?” என்று இருவருக்கும் ஒரே மெயிலில் கேட்பது நல்லது. வாய்ப்பேச்சில் கேட்டால் இரண்டு பேரும் தன்னுடையதைத்தான் சொல்வார்கள்.

கடைசியாக டைம்ஷீட். பதினோரு மணி நேரம் உழைத்துவிட்டு எட்டு என்று நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். கூடுதலாகப் போட்டால் ‘வேலை தெரியாதவள்’ என்று நினைப்பார்களோ என்ற பயம். குழந்தையைக் கூப்பிட ஆறு மணிக்குக் கிளம்பும் பெண்களுக்கு இந்தப் பயம் கூடுதல். ராத்திரி செய்யும் மூன்று மணி நேரத்தை அவர்கள் எங்குமே எழுதுவதில்லை. அடுத்த புராஜெக்ட்டுக்கு மதிப்பீடு போடும் மேனேஜர் பழைய டைம்ஷீட்டைத்தான் திறந்து பார்க்கிறார். இந்த வேலைக்கு எட்டு மணி நேரம் போதும் என்று அதில் இருக்கிறது. அதையே போடுகிறார்.