முதல்ல நிறுத்தக் கத்துக்கணும்

இந்தத் தடவை நெல்லைப் பத்தி இல்லை, நூலைப் பத்தி எழுதுறேன்.

எங்க ஊரு பூந்தமல்லிக்கு மேற்கே. சுத்தியுள்ள நிலமெல்லாம் மனையாப் போச்சு. எங்ககிட்ட மிச்சம் ஒண்ணேகால் ஏக்கர். நவரையில வர்றது சொர்ணவாரிக்கு உரம் வாங்கவே சரியாப் போகுது. அதனால என் வீட்டம்மா 48 வயசுல, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் கத்துக்க ஒரு கம்பெனிக்குப் போனாங்க.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல வந்தது. அதுக்கும் முன்னாடியே ஆவடியில ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிற தொழிற்சாலை இருக்கு. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க டிபன் பாக்ஸோட பஸ் ஏறுறது புதுசு இல்லை. ஆனா இந்த மிஷின் வேற மாதிரி. ஒரே தலையில 12 ஊசி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் நூல். காலால மிதிக்கிற வேலை கிடையாது. பட்டனைத் தட்டினா ஃபிரேமே ஓடுது, நிமிஷத்துக்கு 800 தையல் போகும்.

மூணாவது நாள் ஊசி ஃபிரேம்ல இடிச்சு உடைஞ்சு போச்சு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்திட்டாரு. ராத்திரி, "என்னங்க, நான் நாளையிலேர்ந்து போகல"ன்னாங்க.

எனக்குப் பவர் டில்லர் ஞாபகம் வந்துச்சு. முதல் தடவை கிளட்சை விடத் தெரியாம வரப்பு மேல ஏத்திட்டேன். எங்க அப்பா திட்டல. தரிசுக் காட்டுக்குக் கூட்டிப்போய், "ஓட்டுறது அப்புறம், முதல்ல நிறுத்தக் கத்துக்கடா"ன்னாரு.

அதைச் சொன்னேன். மறுநாள் போனாங்க. அங்க ஒரு மூத்த ஆபரேட்டர் அம்மா அதே மாதிரிதான் சொல்லிக் குடுத்தாங்களாம். முதல்ல சிவப்பு பட்டன் எங்க இருக்குன்னு பார்க்காமலே கை போகணும். வெட்டுத் துணியில, அடியில பேப்பர் வெச்சு, பாதி வேகத்துல ஓட்டணும். ஆரம்பிக்கும் முன்ன டிரேஸ் பட்டனைத் தட்டினா, தைக்காம டிசைனோட ஓரத்தை மட்டும் ஃபிரேம் சுத்திக் காட்டும். ஊசி இடிக்குமா இடிக்காதான்னு அப்பவே தெரிஞ்சிடும். நூல் அறுந்தா மிஷின் தானா நின்னுடும். அது கெட்டுப்போனது இல்லை. நூலைக் கோத்து, நாலு தையல் பின்னால போய், மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

நான் சொல்றது இதுதான். வயசானவங்களுக்குப் பயம் வர்றது மூளை மழுங்கினதால இல்லை. அடுத்தவங்க கல்யாண பிளவுஸ் பாழாப் போயிடுமேங்கிற பொறுப்பால வருது. பட்டுல ஊசி போட்ட ஓட்டை பிரிச்சாலும் மறையாது. அந்தப் பயம் நல்ல பயம். கத்தினா அது நடுக்கமாகும், கை இன்னும் தப்பு பண்ணும். கம்பெனிக்காரங்க முதல் வாரம் வெட்டுத் துணியிலயே பழக விடணும். அந்தத் துணி குப்பைக்குப் போறதுதானே.

வீட்டு ஆம்பளைங்களுக்கும் ஒண்ணு. அந்த ஒரு மாசம் சோறு நீங்க வடிங்க. நானும் வடிச்சேன், ரெண்டு நாள் குழைஞ்சு போச்சு. அவங்க திட்டல.

இப்போ தனியா ஓட்டுறாங்க. போன வாரம் ஒரு ஸ்கூல் சட்டைக்குச் சின்னம் போட்டாங்களாம், ஒண்ணுகூட திரும்பி வரல.