மாணவர் வினாவும் பரீக்ஷை விடையும்

உதகையிலிருந்து எமரால்டு செல்லும் பாதையிலுள்ள இத்தலார் கிராமத்து வித்தியார்த்தி ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ராஜீய விவகாரங்களுக்கென்று ஏற்பட்ட இப்பகுதியில் தேயிலைச் செடியைப் பற்றிய கடிதத்துக்கு இடமேது என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். முழுவதும் படித்த பின் அவ்வாறு கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அவர் கேட்பவை மூன்று. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்போது பள்ளத்துத் தேயிலை கருகிப்போக, மேட்டுத் தேயிலை பிழைத்துக்கொள்வது ஏன்? காய்ந்த புல்லால் மூடிய செடி தப்புவது ஏன்? பனி பள்ளத்திலேயே தேங்குமாயின், மலை மடிப்புகளில் சோலைக்காடுகள் அழியாமல் நிற்பது எப்படி? உபாத்தியாயரிடம் கேட்டதற்கு, 'இது பரீக்ஷைக்கு வராது' என்ற பதிலே கிடைத்ததாம்.

உபாத்தியாயரை நாம் குறை கூறோம். வைத்தியக் கல்லூரியில் சேர்வதற்கான 'நீட்' பரீக்ஷையின் 180 வினாக்களில் 90 உயிரியலுக்குரியவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளை அச்சிட்டு, ஒன்றைப் பொறுக்கச் சொல்லுகிறார்கள். பொறுக்கப் பழக்குவதற்கே வருஷம் போதாதபோது, பிள்ளை தானாகக் கேட்கும் கேள்விக்கு அவர் நேரத்துக்கு எங்கே போவார்?

ஆயினும் கேள்விகள் நல்ல கேள்விகள். மேகமற்ற இரவில் பூமி தன் உஷ்ணத்தை வானத்துக்கு இழந்துவிடுகிறது. தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே இலையில் பனிக்கட்டி உண்டாகிறது. செடியின் உயிரணுக்கள் உறைந்து, கண்ணாடிக் குப்பி போல் வெடித்து விடுவதாகப் பலர் எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. பனிக்கட்டி முதலில் அணுக்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் உண்டாகி, அணுவினுள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்கிறது. நீரிழந்த அணு சுருங்குகிறது. அதன் மெல்லிய சவ்வு கெடுகிறது. காலையில் பனி உருகி வெயில் ஏறியதும் இலை கருகுகிறது. உறைபனியில் செடி தாகத்தால் சாகிறது என்றே சொல்லலாம்.

புல் மூடாக்கு செடிக்கு உஷ்ணம் கொடுப்பதில்லை. உள்ள உஷ்ணம் போகாமல் தடுக்கிறது. இரண்டாம் கேள்விக்கான இவ்விடையிலேயே மூன்றாவதற்கும் பாதி விடை இருக்கிறது. சோலையின் அடர்ந்த கூரை அதன் தரைக்கு அம்மூடாக்கைப் போன்றது. உள்ளே உறைபனி விழுவது அரிது. வெளியே புல்லில் முளைக்கும் சோலைமரக் கன்றோ பனியில் மடிகிறது. புல்வெளி நிலைபெற்றதற்கு இப்பனியே காரணமென்பர் ஒரு சாரார். தீயும் மேய்ச்சலும் என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கை முடியாததென்றே மாணவனிடம் சொல்லவேண்டும். நான்கு விடைத் தாளில் அதற்கு இடமில்லை.

இது வெறும் பள்ளிக்கூட விஷயமன்று. நீலகிரியின் புல்வெளிகளைத் தரிசு என்று கருதி, பட்டைக்கும் விறகுக்கும் கூழுக்குமாகச் சீகையையும் கற்பூர மரத்தையும் அவற்றில் நட்டார்கள். வெள்ளைக்காரர் தொடங்கியதைச் சுயராஜ்ய சர்க்கார் இன்னும் விரிவாகவே செய்தது. பெங்களூர் விஞ்ஞானி ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு என்ன? சுமார் 20,000 வருஷங்களாகவே சீதோஷ்ணத்துக்கேற்பப் புல்லும் காடும் அங்கே மாறி மாறி ஓங்கி வந்திருக்கின்றன என்பதே. அப்புல்லைத் தரிசென்று காகிதத்தில் எழுதிய உத்தியோகஸ்தர்கள் படியாதவர்களல்லர், பரீக்ஷைகளில் தேறியவர்களே. 'இங்கே ஏன் மரமில்லை?' என்று கேட்பாரும் இல்லை, கேட்டிருந்தால் பொறுமையாய் விடை சொல்வாரும் இல்லை.

பாஷை போதாது என்ற சாக்கும் இனிச் செல்லாது. யாழ்ப்பாணத்தில் டாக்டர் கிரீன் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் கற்பித்தார். சேலத்தில் ராஜாஜியும் அவருடைய நண்பர்களும் 1916இல் சாஸ்திரப் பரிபாஷைக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். இப்போது சொற்கள் இருக்கின்றன, புத்தகங்களும் இருக்கின்றன. 'நீட்' வினாத்தாளே தமிழில் வருகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம், மதிப்பெண்ணில்லாமல், மாணவர் கேட்பதற்கு மட்டும் ஒதுக்கக் கல்வி இலாகா உத்தரவிடவேண்டும். உபாத்தியாயருக்குத் தெரியாததை அருகிலுள்ள கலாசாலைக்கு எழுதிக் கேட்கும் ஏற்பாடும் வேண்டும்.

இத்தலார் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். வரும் மார்கழியில் இரண்டு உஷ்ணமானிகளை, ஒன்றைப் பள்ளத்திலும் மற்றொன்றை மேட்டிலும், தரையிலிருந்து ஒரே உயரத்தில் கட்டி வைத்து, விடியுமுன் பார்த்து முப்பது நாள் குறித்து அனுப்புவாராக. அக்கணக்கை இதே பகுதியில் பிரசுரிப்போம்.