முதலில் பெட்டி, அப்புறம் துப்பாக்கி

கோவை கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில் வேலைதான் சோறு போடுகிறது. கொஞ்ச காலமாக வேறொரு வேலையும் வருகிறது. ஏர்கன் வாங்கிவிட்ட பையன்கள், சில சமயம் அவர்களுடைய அப்பாக்கள், “குண்டைப் பிடிக்கிற மாதிரி ஒரு பெட்டி அடிச்சுக் குடுங்கண்ணா” என்று வந்து நிற்கிறார்கள். இப்படி வந்து கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காதவர்களைப் பற்றித்தான்.

குழல் 4.5 மில்லிமீட்டர், ஆற்றல் 20 ஜூல். இதற்கு மேற்படாத ஏர்கன்னுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அதனால் விளையாட்டுச் சாமான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. குண்டு அரை கிராம் ஈயம்தான். ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். குறி தவறினால் பல வீட்டு மாடிகளைத் தாண்டியும் போகும். கடையில் துப்பாக்கி, குண்டு டப்பா, எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து வைப்பார்கள். அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நிற்க இடம் இல்லாத குண்டு பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தேடும், இல்லையென்றால் மைனாவை. அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகள் குறைந்துபோய், ஏர்கன்களைத் தாங்களாக ஒப்படைக்கச் சொல்லி 2021இல் அரசே ஓர் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. நம் ஊருக்கும் அந்த நிலை வர வேண்டுமா?

பெட்டி பெரிய வித்தை இல்லை. வாய் ஒரு அடிக்கு ஒரு அடி. உள்ளே 3 எம்எம் இரும்புத் தகடு, 45 டிகிரி சாய்வில். மேல் விளிம்பு சுடுபவர் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் குண்டு கீழே தட்டில் விழும். தகட்டை மாற்றிச் சாய்த்த பெட்டிகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள். அதில் பட்ட குண்டு மேலே எகிறும். தகட்டை நேர்செங்குத்தாக வைத்தால் துணுக்குகள் முகத்துக்கே திரும்பும். உருண்டை இரும்புக் குண்டு போடுகிற துப்பாக்கி என்றால் தகட்டுப் பெட்டியே கூடாது. எந்தச் சாய்வில் வைத்தாலும் தெறிக்கும்.

எனக்குப் பிடித்தது வேறொரு வகை. மரப்பெட்டி, பின்னால் தகடு, உள்ளே திருப்பூர் பனியன் வேஸ்ட். கையைத் துடைக்க நாங்கள் மூட்டையாக வாங்கி வைத்திருக்கிற அதே வேஸ்ட்தான். தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல் அடைத்தால் போதாது, காலால் மிதித்துத் திணிக்க வேண்டும். முன்னால் ஓர் அட்டை. குண்டு உள்ளே போகும், சத்தம் வராது, நசுங்காமல் துணிக்குள் சிக்கி நிற்கும். டயர் ரீட்ரேடிங் கடையில் கிடைக்கிற ரப்பர்த் தூளும் நன்றாகவே பிடிக்கும். மணல் மூட்டை வேண்டாம். ஓட்டை விழுந்து மணல் கொட்டும், ஈயம் கலந்த அந்த மணலை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

பெட்டியை மட்டும் நம்பவும் கூடாது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது அந்தப் புள்ளியைப் பார்த்துச் சுட்டுத்தான். புதிதாகப் பழகுகிற நம் பையன் சில சமயம் பெட்டியையே தவறவிடுவான். அதனால் பெட்டிக்குப் பின்னால் நாலடிக்கு நாலடி கனமான பிளைவுட், அதன்மேல் பழைய கார்பெட். கண்ணுக்கு, கிரைண்டிங் போடும்போது நாங்கள் மாட்டுகிற கண்ணாடி.

ஈயத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. குழந்தைகளின் உடம்பில் இவ்வளவு வரை போகலாம் என்று ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே கிடையாது. வெறும் தகட்டில் மோதும் குண்டு தூளாகும்; துணிப்பெட்டியை நான் சிபாரிசு செய்ய அதுவும் ஒரு காரணம். தட்டைக் காலி செய்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். சேர்ந்த குண்டுகளை வீட்டு அடுப்பில் உருக்கித் தூண்டில் எடை செய்கிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பழைய பேட்டரி எடுக்கிற கடையில் எடைக்குப் போடச் சொன்னேன்.

ஏர்கன்னைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியோடும் ஒரு பெட்டியும் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று அரசு ஒரு வரி எழுதட்டும். துப்பாக்கி விலையோடு ஒப்பிட்டால் பெட்டியின் செலவு ஒன்றுமே இல்லை.

என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது, எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள் என்று. பின்னால் ஆள் வர வழியில்லாத சுவர் வேண்டும். சந்து வீடு, பக்கத்தில் மொட்டை மாடி என்றால் பெட்டி செய்து தருவதில்லை, ரைஃபிள் கிளப்பில் சேரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போகிறார்கள். அங்கேயும் இதையே கேட்கும்படி அந்தப் பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.