மாணவரின் சிப் ஆலைக்குப் போகட்டும்

அக்குறணைக் கடைகளில் மிளகும் கிராம்பும் நிறுக்கும் டிஜிட்டல் தராசுக்குள் ஓர் அனலொக் சிப் இருக்கிறது. பாரத்துக்கேற்ப எழும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைப் பெருக்கி இலக்கமாக்குவது அதுதான். இத்தகைய சிப்பை வடிவமைக்கும் திறனை, 1964 முதல் பேராதனையில் இயங்கும் பொறியியல் பீடம் உட்பட நம் பல்கலைக்கழகங்கள் கற்றுத்தர வேண்டும். அதுவும் கணினித் திரையோடு நின்றுவிடக் கூடாது.

காரணம் உண்டு. ஒரே வரைபடத்திலிருந்து தயாரானாலும் சிப்புகள் அச்சு அசலாக அமைவதில்லை. சிப்பிலுள்ள தடையி குறித்த பெறுமானத்திலிருந்து 20 சதவீதம் விலகக்கூடும். பூச்சியமா ஒன்றா என்று மட்டும் பார்க்கும் டிஜிட்டல் சுற்று இதைப் பெரும்பாலும் சமாளிக்கும். அனலொக் சுற்றில் விலகல் நேரே விடையில் ஏறும்.

ஆகவே கெட்டிக்கார வடிவமைப்பாளர் தனிப் பெறுமானத்தை நம்புவதில்லை, விகிதத்தை நம்புகிறார். அருகருகே வைத்த இரு தடையிகள் சேர்ந்தே விலகுவதால், அவற்றின் விகிதப் பிழையை ஒரு சதவீதத்துக்குள் அடக்கலாம். தராசிலும் உணரிக்கு ஊட்டும் மின்னழுத்தத்தையே அளவுகோலாகவும் கொண்டால் அதன் ஏற்ற இறக்கம் விடையைப் பாதிக்காது. பிலிப்ஸ் நிறுவனத்தின் பெல்க்ரோம் குழு 1989இல் காட்டியபடி, திரான்சிஸ்டரின் பரப்பை நான்கு மடங்காக்கினால் இணைத் திரான்சிஸ்டர்களுக்கிடையிலான பொருத்தமின்மை பாதியாகும். ஆனால் பரப்பு என்பது பணம். எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்ற தீர்ப்பு அனுபவத்தில்தான் வரும்.

பாடத்துக்கும் கருவிக்கும் இன்று குறைவில்லை. கூகிளும் சிப் தயாரிக்கும் ஸ்கைவோட்டர் நிறுவனமும் 2020இல் 130 நானோமீற்றர் தயாரிப்புத் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புத் தரவுகளை இலவசமாகத் திறந்துவிட்டன. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் அனலொக் விரிவுரைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் கணினி, நாம் அதற்குச் சொல்லிக்கொடுத்த விலகலை மட்டுமே காட்டும். சொல்லாமல் விட்டதைத் தயாராகி வந்த சிப்தான் காட்டும்.

கடன் நெருக்கடியிலிருந்து மீளும் நாட்டுக்கு இது ஆடம்பரம் என்பார்கள். 1983 இனவன்முறைக்குப் பின் மோட்டரோலா, ஹரிஸ் நிறுவனங்கள் கட்டுநாயக்க ஆலைத் திட்டங்களைக் கைவிட்டன. அன்று நழுவியது ஆலை. ஆனால் வடிவமைப்புக்குச் சொந்த ஆலை தேவையில்லை. பலர் பங்கிட்டுக்கொள்ளும் சிலிக்கன் தகட்டில் ஒரு மூலை போதும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இறுதியாண்டு மாணவர்களின் வடிவங்களை ஆண்டுதோறும் ஒரே தொகுப்பாக ஆலைக்கு அனுப்ப நிதி ஒதுக்க வேண்டும். கல்விக்குக் கொடுக்கும் அக்குறணை வர்த்தகர்களும் கைகொடுக்கலாம். ஒரு சிப் இயங்கியதற்காக மட்டும் புள்ளி வழங்கக் கூடாது. வந்த சிப்புகள் அத்தனையையும் அளந்து, அவை ஏன் வேறுபட்டன என்று விளக்கும் மாணவருக்கே முழுப் புள்ளி வழங்க வேண்டும்.