உடல் வலுவிற்கும் வரவு செலவு உண்டு

கையிருப்பு எவ்வளவென்று பாராமல் செலவுச் சீட்டில் கையெழுத்திடும் காரியதரிசியை எந்தச் சங்கமும் பொறுத்துக்கொள்ளாது. ஆயினும் நம் அங்கத்தினருள் பலர் தம் உடலின் கையிருப்பைப் பாராமலே நாள்தோறும் செலவிட்டு வருகின்றனர். நீங்காத வலியும் அயர்ச்சியும் உடையோரைப் பற்றியே இதனை எழுதுகிறேன்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என மருத்துவர் வகுத்துள்ளனர். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு. குழித்தறியில் அமர்ந்து நெய்வோருக்கு இடுப்பிலும் தோளிலும், குனிந்து நாற்று நடுவோருக்கு முதுகிலும் முழங்காலிலும் வலி காண்பது புதிதன்று. 1964-ல் சென்னையில் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல், 2006-ல் மீண்டும் தமிழகத்தை வாட்டியது. காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. மூட்டு வலியோ பலரை மாதக்கணக்கிலும் சிலரை ஆண்டுக்கணக்கிலும் விடவில்லை. புண்ணும் இல்லை, கட்டும் இல்லை; ஆதலால் சோம்பேறி என்ற பெயர் இத்தகையோருக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் லூபஸ் என்னும் நோயுற்ற கிறிஸ்டீன் மிசராண்டினோ என்ற பெண்மணி, 2003-ல் வெளியிட்ட கட்டுரையில் இதனை எளிதாக விளக்கினார். உணவு விடுதியில் தம் தோழியின் கையில் 12 கரண்டிகளைக் கொடுத்து, அன்றைய வலு அவ்வளவே என்றார். குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று என ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். பொழுது சாயுமுன் கை வெறுமையாவது எப்படி என்பது தோழிக்கு விளங்கிற்று.

கணக்குத் தவறுவது பெரும்பாலும் வலி குறைந்த நாளில்தான். விட்ட வேலையெல்லாம் பிடித்துவிட வேண்டுமென்று அன்று விளக்கு வைத்த பின்னும் நெய்கிறார். அடுத்த இரண்டு நாளும் பாயை விட்டு எழ முடிவதில்லை. இருப்புக்கு மேல் வாங்கிய கடனுக்கு உடல் கடும் வட்டி வாங்குகிறது. இரண்டு வாரம் குறிப்பு எழுதிப் பார்க்கட்டும். ஒரு மணி நேரத்தில் வலி மூளுமாயின், முக்கால் மணியில் தறியை விட்டு எழுந்து சிறிது நடந்து, பின் இலேசான வேலையைப் பார்க்கலாம். நல்ல நாளிலும் அளவு அதுவே. வலி வந்த பின் ஓய்வு என்பதை விட, வலி வருமுன் ஓய்வு என்பதே சிக்கனம்.

எல்லா நோய்க்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. மூட்டு நோய் பலவற்றில் படிப்படியான பயிற்சி நன்மை தரும். உழைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் முற்றும் சோர்ந்து போகும் நாட்பட்ட அயர்ச்சி நோயில், வேலையை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டே போவதை 2021-ல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டி விலக்கிவிட்டது. ஆகவே காரணத்தை மருத்துவரிடம் அறிந்துகொள்வது முதல் வேலை.

இனி நம் சங்கங்களின் கடமை. நெய்த சரக்கு வரத் தாமதமானால், பதிவேட்டில் 'தாமதம்' என்று எழுதுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, நோயுற்ற அங்கத்தினருக்குத் தவணையை முன்கூட்டியே நீட்டிக் கொடுக்கலாம். பாவு பிணைக்கப் பக்கத்து வீட்டாரின் உதவியை ஏற்பாடு செய்யலாம். விவசாயச் சங்கங்கள், நின்றபடியே தள்ளும் களைக்கருவியை வாங்கி வாடகைக்கு விடலாம்.

ஒருவருக்குச் சலுகை காட்டினால் எல்லோரும் கேட்பார்களே என்பர் சிலர். நெய்யாத துணிக்குச் சங்கம் கூலி கொடுப்பதில்லை. தவணையை நீட்டுவதால் தன் வருவாய் குறையும் என்று தெரிந்தும் ஒருவர் அதனைக் கேட்கிறாரெனில், அவர் தேவை மெய்யானதே. பண்டிகைக் காலத்தில் சரக்கு பிந்துவதால் சங்கத்துக்குச் சிறிது இடையூறு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டு கைத்திறன் உள்ளவர் தறியை விட்டே போய்விட்டால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் செய்யுமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.