டிரிப்ளிங்கைக் கொன்றது வியூகமல்ல

நள்ளிரவு தாண்டி விழித்திருந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கும் நம்மூர் ரசிகரிடமும், இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஆட்டத்தை அலசும் முன்னாள் வீரர்களிடமும் சில ஆண்டுகளாக ஒரே புலம்பலைக் கேட்கிறோம். பெப் குவார்டியோலாவும் அவர் வழிவந்த பயிற்சியாளர்களும் கால்பந்தை எந்திரமாக்கிவிட்டார்களாம். வீரர்கள் பலகையில் ஒட்டிய காந்த வில்லைகள் போல நிற்கிறார்களாம். எதிராளியை ஏய்த்துத் தாண்டுகிற துணிச்சல்காரனைப் பயிற்சி மைதானத்திலேயே முடக்கிவிடுகிறார்களாம். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால் இது இப்போது மறுப்பில்லாத உண்மை போல உலவுகிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. இந்தப் புலம்பலில் பல குற்றச்சாட்டுகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டைத் தவிர எதுவும் தேறாது.

முன்பெல்லாம் வீரர்கள் சுதந்திரமாக ஆடினார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். எந்த முன்பு? ஹெலெனியோ ஹெரேராவின் இண்டர் மிலான் 1964, 1965 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது இறுகப் பூட்டிய தற்காப்பை வைத்துத்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வலேரி லோபனோவ்ஸ்கி, ஸெலென்ட்ஸோவ் என்ற விஞ்ஞானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டைனமோ கீவ் வீரர்களின் ஓட்டத்தையும் பிழைகளையும் கணக்கெடுத்து அணியை வார்த்தார். அரிகோ சாக்கியின் ஏசி மிலானில் பந்தே இல்லாமல் பயிற்சி நடந்தது. பந்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று அவர் சொல்வார், அதற்கேற்ப அணி முழுவதும் ஒரே சரடில் நகர வேண்டும். குல்லிட்டும் வான் பாஸ்டனும் அந்த அணியில்தான் ஒளிர்ந்தார்கள்.

பத்தாம் எண் சட்டைக்காரர் அழிந்துபோனதும் குவார்டியோலாவின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. 1997-ல் ராபர்டோ பாஜியோ பார்மா அணிக்கு வரத் தயாராக இருந்தார். தன் 4-4-2 அமைப்பில் அவருக்கு இடமில்லை என்று பார்மாவின் பயிற்சியாளர் ஆன்செலோட்டி மறுத்துவிட்டார். பாஜியோ பொலோனியாவுக்குப் போனார். அப்போது குவார்டியோலா பார்சிலோனாவின் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர், அவ்வளவுதான். அந்தப் பொற்காலத்தில் கோல்களாவது குவிந்தனவா என்றால் அதுவும் இல்லை. 1990 உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.21 கோல்களே விழுந்தன. உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிகக் குறைந்த சராசரி இது. எந்திரக் கால்பந்தின் உச்சம் என்று பழிக்கப்படும் பிரீமியர் லீகின் 2023-24 பருவத்தில் 380 ஆட்டங்களில் 1,246 கோல்கள் விழுந்தன.

அடுத்த குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. குவார்டியோலா பாணியான இடம்சார் ஆட்டம் வீரனை ஒரு கட்டத்துக்குள் பூட்டிவிடுகிறது, நகர விடுவதில்லை என்கிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி சாதாரண ஆள் அல்ல, தியரி ஹென்றி. பார்சிலோனாவில் இடது ஓரத்தில் நிற்கச் சொன்ன கட்டளையை மீறி மறுபக்கம் போய் ஆடியதாகவும், கோல் அடித்த பிறகும் இடைவேளையில் குவார்டியோலா தன்னை வெளியே எடுத்துவிட்டதாகவும் அவரே தொலைக்காட்சியில் விவரித்திருக்கிறார். இந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. அதே பேச்சில் அவர் சொன்ன மறுபாதி பரவவில்லை. களத்தின் கடைசி மூன்றிலொரு பங்குவரை பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பது பயிற்சியாளரின் திட்டம். அதற்குப் பிறகு என்ன செய்வதென்பது முழுக்க வீரனின் உரிமை. குவார்டியோலாவின் விதியாக ஹென்றி விளக்கியது இதைத்தான்.

ஓரத்தில் ஏன் நிற்கச் சொல்கிறார்கள் என்று யோசித்தால் விஷயம் தெளிவாகும். பெரிய ஆட்டங்கள் நடக்கும் களத்தின் அகலம் 68 மீட்டர். விங்கர் பக்கக் கோட்டின் சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு நின்றால் அவரைக் கவனிக்க ஒரு தடுப்பாட்டக்காரர் அங்கேயே நின்றாக வேண்டும். மறுபக்கத்தில் நாலைந்து பேர் நெருக்கமாகப் பாஸ் கொடுத்து எதிரணியைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். பிறகு பந்து சட்டென்று திசை மாறுகிறது. இப்போது விங்கருக்கு முன்னால் ஒரே ஒரு ஆள், உதவிக்கு வர யாருமில்லை, பின்னால் முப்பது மீட்டர் வெற்றிடம். அந்த நூறு பாஸ்களும் இந்த ஒற்றைக்கு ஒற்றை மோதலை உருவாக்கத்தான். தனித்திறனை ஒழிக்க நினைக்கிற திட்டம் இப்படியா இருக்கும்?

மோதலை உருவாக்கிக் கொடுத்தும் அதில் ஜெயிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயின் இரண்டு முறை காட்டியது. 2018-ல் ரஷ்யாவிடமும் 2022-ல் மொராக்கோவிடமும் ஆயிரத்துக்கு மேல் பாஸ் கொடுத்தும் பெனால்டியில் தோற்றது. இந்த இரண்டு ஆட்டங்களும்தான் எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆதாரம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே பாஸ் பள்ளியில் வளர்ந்த ஸ்பெயின் 2024 யூரோ கோப்பைக்கு வலது ஓரத்தில் லமின் யமாலையும் இடது ஓரத்தில் நிக்கோ வில்லியம்ஸையும் நிறுத்தியது. பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில், ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில், பெனால்டி பகுதிக்கு வெளியே யமாலுக்குப் பந்து கிடைத்தது. எதிரே ரபியோ. யமால் அவசரப்படவில்லை. உடம்பை அசைத்து ரபியோவைத் தயங்க வைத்து, அந்த அரை நொடி இடைவெளியில் இடது காலால் வளைத்து அடித்தார். பந்து தூர இருந்த கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. அன்று அவருக்குப் பதினேழு வயது நிறையவில்லை. யூரோ வரலாற்றில் கோல் அடித்த மிக இளையவர் அவர்தான். இறுதியாட்டத்தின் முதல் கோலும் யமால் கொடுத்து நிக்கோ அடித்தது. அந்த யமால் ஏழு வயதில் சேர்ந்து வளர்ந்த இடம் பார்சிலோனாவின் லா மாசியா. வட்டமாக நின்று பந்தைக் கடத்தும் ரோண்டோவை ஆடவைத்தே பிள்ளைகளை எந்திரமாக்குகிறது என்று பழிக்கப்படும் அதே அகாடமி.

மொராக்கோவிடம் தோற்ற அணியின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே. அவர் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. 2025 மே 31 அன்று மியூனிக்கில் அவருடைய பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் இண்டர் மிலானை 5-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீகைத் தூக்கியது. அந்த அணியின் டெம்பெலே, டூவே, க்வாரட்ஸ்கேலியா மூவருமே எதிராளியை நேருக்கு நேர் தாண்டுவதில் பெயர் பெற்றவர்கள். அந்த ஆண்டு பாலன் தோர் விருது டெம்பெலேவுக்குப் போனது. கட்டுக்கோப்பும் தனித்திறனும் ஒன்றையொன்று தின்னும் என்பவர்கள் அந்த இறுதியாட்டத்தை முழுதாக ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜாக் கிரீலிஷைப் பாருங்கள் என்பார்கள். 2021-ல் 10 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தவர். ஆஸ்டன் வில்லாவில் பந்து எப்போதும் அவரைத் தேடி வரும், அவரும் இஷ்டம்போல ஆளைத் தாண்டுவார். சிட்டியில் பந்தைக் காத்து வைத்துக்கொண்டு அணிக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பவராக மாறினார். ரசிகனாக எனக்கும் அது இழப்புதான். ஆனால் அது ஒரு வீரருக்கு ஒதுக்கப்பட்ட வேலை. அந்த வேலையைச் செய்துதான் 2022-23-ல் மூன்று கோப்பைகளையும் வென்ற அணியில் அவர் இடம்பிடித்தார். அடுத்த கோடையிலேயே அதே குவார்டியோலா, ஆளைத் தாண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஜெரெமி டோக்குவை வாங்கினார். அதற்கு முன் அவரிடம் ஆடியவர்கள் சானே, ஸ்டெர்லிங். அதற்கும் முன் பயெர்னில் ராபன், ரிபெரி, டக்ளஸ் கோஸ்டா. எல்லாருக்கும் முன் மெஸ்ஸி. பட்டியலை முழுதாக வைத்துக்கொண்டு அதில் ஒரு கிரீலிஷை மட்டும் எடுத்துக் காட்டுவது நியாயமான வாதம் ஆகாது.

கோல்கீப்பரிலிருந்து குட்டிக் குட்டிப் பாஸ்களாகத் தொடங்குவது வெறும் நாகரிகப் பித்து என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1992-ல் பின்பாஸைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. 2019-ல் கோல் கிக்கின்போது பந்து பெனால்டி பகுதியைத் தாண்ட வேண்டியதில்லை என்று இன்னொரு விதி வந்தது. ஆட்டம் விதியின் வழியே போனது. எதிரணியை முன்னால் இழுத்து அதன் முதுகுப் பக்கம் இடம் திறப்பதுதான் இதன் நோக்கம்.

இதிலிருந்து பிறந்த அடுத்த மாற்றத்தைத்தான் புலம்புகிறவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். பின்னாலிருந்து கட்டும் அணிகளை முறியடிக்க, களம் முழுக்க ஆளுக்கு ஆள் பிடிக்கும் பிரஸ்ஸிங் பரவிவிட்டது. பயிற்சியாளர் காஸ்பெரினி அட்டலாண்டாவில் இதைப் பல ஆண்டுகள் பிடிவாதமாகச் செய்தார். 2024 மே மாதம் டப்ளினில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், 51 ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத லெவர்குசனை அவருடைய அணி 3-0 என்று சாய்த்தது. மூன்றையும் அடித்தவர் அடெமோலா லுக்மன், இரண்டாவதையும் மூன்றாவதையும் எதிராளியைத் தன் காலால் ஏமாற்றிவிட்டு. ஒவ்வொருவர் முதுகிலும் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பிடியில் சிக்காத சக வீரர் எங்குமே இருக்கமாட்டார். பாஸால் மட்டும் வெளியே வர வழி கிடையாது. யாராவது ஒருவர் தன்னைப் பிடித்திருப்பவரைத் தாண்டினால்தான் பூட்டு திறக்கும். தடுப்பாட்டக்காரர்கூட முதல் தொடுதலிலேயே ஆளைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றாக வேண்டும். இன்றைய உத்திப் போக்கு டிரிப்ளிங்கின் விலையை ஏற்றியிருக்கிறதே தவிர இறக்கவில்லை.

இனி பயிற்சிக்கு வருவோம். ரோண்டோவும் இடம்சார் விளையாட்டுகளும் பிள்ளைகளுக்குப் பாஸை மட்டுமே கற்றுத்தருகின்றன என்பது, அவற்றைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள் சொல்வது. நாலுக்கு நாலு, கூடவே பந்து வைத்திருக்கும் அணிக்காக ஆடும் பொதுவாட்கள் மூன்று பேர் என்ற பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு செவ்வகம். பந்து வைத்திருக்கும் அணி விளிம்புகளில் விரிந்து நிற்கும், பொதுவாள் இருவர் இரு முனையிலும் ஒருவர் நடுவிலும் நிற்பார்கள், எதிரணி நால்வரும் உள்ளே நெருக்குவார்கள். நடுவில் நிற்பவனைக் கவனியுங்கள். பந்து வருமுன் இரண்டு முறையாவது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். உடம்பைப் பாதி திறந்து வைத்துப் பந்தைத் தூரத்துக் காலில் வாங்க வேண்டும். நெருக்குபவன் வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் உருள வேண்டும், தள்ளி நின்றால் பந்தோடு முன்னேற வேண்டும். பந்து பறிபோன நொடியில் பாத்திரங்கள் தலைகீழாகும், விரிந்திருந்தவர்கள் நெருக்க வேண்டும். பாஸா, திரும்பலா, தாண்டலா என்ற முடிவைப் பத்து நிமிடத்தில் எத்தனையோ முறை அந்தப் பையன் எடுக்கிறான். அந்தக் காலத்தில் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடிவிட்டு, வரிசையாக நட்ட கூம்புகளுக்கிடையே பந்தைத் தட்டிக்கொண்டு போனோமே, அதில் இப்படி ஒரு முடிவுகூட இல்லை. கூம்பு காலை நீட்டாது.

போர்ட்டோ பல்கலைக்கழகத்தின் விட்டோர் ஃபிராடே வகுத்த உத்திசார் காலப்பகுப்பு இதைத்தான் கோட்பாடாக்கியது. உடல்திறன் தனியாக, பந்துத்திறன் தனியாக, உத்தி தனியாக என்று கூறுபோடாமல் எல்லாவற்றையும் ஆட்டத்தின் வடிவிலேயே பழக்குவது. மொரீனியோ 2004-ல் போர்ட்டோவுக்கு ஐரோப்பியப் பட்டம் வென்று தந்ததன் பின்னணியில் இந்த முறை இருந்தது. இந்தத் தலைமுறைப் பயிற்சியில் விளைந்தவர்களை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 2017 அக்டோபரில் கொல்கத்தாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கிய இங்கிலாந்து, ஸ்பெயினை 5-2 என்று வென்றது. இரண்டு கோல் அடித்து, தொடரின் சிறந்த வீரராகவும் ஆன ஃபில் ஃபோடன் மான்செஸ்டர் சிட்டி அகாடமியின் பிள்ளை. அவர் ஆட்டத்தில் எந்திரத்தனம் எங்கே இருந்தது?

ஒன்றை மறைக்க மாட்டேன். பெரிய அணிகளைப் பார்த்து நகலெடுக்கிற அகாடமிகளில், ஒன்பது வயதுப் பையன் ஆளைத் தாண்டப் போய்ப் பந்தை இழந்தால் ‘பாஸ் கொடு, பாஸ் கொடு’ என்று கத்தும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தவறு, அந்த வயதில் மன்னிக்கக் கூடாத தவறு. அது அவர்கள் பயிற்றும் விதத்தின் கோளாறு.

மேல்மட்டத்தில் தனித்திறனுக்கான பயிற்சி குறைந்திருக்கிறது என்பதும் ஓரளவு உண்மை. அதற்குக் காரணம் வேறு. சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டம் 2024-25 முதல் ஆறு ஆட்டங்களிலிருந்து எட்டானது. 2025 கோடையில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை வந்தது. 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். புதன் ஓர் ஆட்டம், சனி ஓர் ஆட்டம் என்றால் வியாழன் உடல் தேற, வெள்ளி லேசாக நடந்து ஒத்திகை பார்க்க. இந்த நெருக்கடியில் எது மிஞ்சும்? காணொளி வகுப்பும், உடம்பு நோகாமல் பழகக்கூடிய கார்னர், ஃப்ரீ கிக் ஏற்பாடுகளும். ஆர்சனலின் நிக்கோலா ஜோவர் போன்ற செட் பீஸ் பயிற்சியாளர்களின் மதிப்பு ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். விங்கரும் தடுப்பாட்டக்காரரும் முழு வேகத்தில் இருபது முறை மோதிப் பார்க்கும் பயிற்சி தொடைத் தசையைப் பதம்பார்க்கும். ஆகவே முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, ஆட்டங்களின் சுமை தாங்காமல் வீரர்கள் வேலைநிறுத்தத்தின் விளிம்பில் இருப்பதாகச் சொன்னார். அதே வாரம் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதம், வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோவின் ஐரோப்பியப் பிரிவும் ஐரோப்பிய லீகுகளின் அமைப்பும் ஆட்ட அட்டவணை தொடர்பாக ஃபிஃபா மீது ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தன. டிரிப்ளிங் அழிகிறதே என்று உண்மையாகவே வருந்துகிறவர்கள் பயிற்சியாளரின் பலகையை விட்டுவிட்டு, அந்தப் புகாரின் பக்கம் நின்று குரல் கொடுக்க வேண்டும்.